புண்ணிய வெந்நீர்

எண்பதுகளில் தரமணியிலிருந்து ஒருவர் பத்ரிநாத் கிளம்பினால், திரும்பி வருவதை யாரும் பெரிதாக எதிர்பார்க்க மாட்டார்கள். அத்தை கிளம்பியபோது தெருவே வந்து காலில் விழுந்தது. துணைக்குப் போன என் காலில் யாரும் விழவில்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டெல்லி, பிறகு ஹரித்துவார், அதற்கப்புறம் மலைப் பாதையில் பஸ். ரிஷிகேஷ் தாண்டியதும் பஸ்ஸில் பாதிப் பேர் நாராயணனைக் கூப்பிட்டார்கள்; மீதிப் பேர் ஜன்னல் பக்கம் இடம் கேட்டார்கள்.

முதலில் யமுனோத்ரி. அங்கே சூர்ய குண்டத்தில் தண்ணீர் 88 டிகிரி. அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே விட்டால் சற்று நேரத்தில் சோறு, அதுவே பிரசாதம். அத்தை மூட்டையை வெளியே எடுத்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தாள். "விறகு வேண்டாம், ரேஷன் கெரசின் வேண்டாம். இங்கேயே குடித்தனம் பண்ணலாம்டா!"

108 திவ்யதேசங்களில் ஒன்றான பத்ரி 3,100 மீட்டர் உயரம். அலகநந்தாவில் கையை விட்டால் விரல் மரத்துவிடும். அதன் கரையிலேயே தப்த குண்டம், சுமார் 45 டிகிரியில், கந்தக வாடையோடு. அக்னி பகவான் வாசம் செய்வதால் வந்த சூடு என்கிறது தலபுராணம். மழையும் பனியும் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே வருகிறது, எரிமலையெல்லாம் இல்லை என்கிறார்கள் நிலவியல்காரர்கள். அத்தைக்கு இரண்டு விளக்கமும் தேவைப்படவில்லை. மூட்டுவலி போனதே போதும். ஊர் வந்ததும் அது திரும்பி வந்தது வேறு விஷயம்.

பொட்டலாகக் கிடந்த தரமணியில் 2000-இல் டைடல் பார்க் எழும்பியது. அதில் வேலை பார்க்கும் தம்பி மகன் போன வருஷம் பத்ரிக்குப் போனான். டேராடூன் வரை விமானம். யாத்திரைக்கு ஆன்லைன் பதிவு. மூச்சு வாங்கினால் சொல்ல மணிக்கட்டில் கடிகாரம்.

"குண்டத்துல குளிச்சியாடா?"

"ரூம்லயே கீசர் இருந்தது பெரியப்பா. குண்டத்தை வீடியோ எடுத்தேன்."

லடாக்கில் புகா என்ற இடத்தில் இதே மாதிரி வெந்நீரிலிருந்து மின்சாரம் எடுக்க ஓ.என்.ஜி.சி. 2021-இல் ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்று அவன்தான் சொன்னான். அத்தையின் கெரசின் கணக்கு டெல்லி வரை போய்ச் சேர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

மே மாதத்தில் அவன் ஃபிளாட்டில், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து பகல் முழுக்கக் குழாயில் வெந்நீர்தான். கந்தக வாடைக்குப் பதில் லாரித் தண்ணீர் வாடை. பக்கெட்டில் பிடித்து, ராத்திரி முழுக்க ஆறவைத்து, காலையில் குளிக்கிறான். இதற்கு இன்னும் ஆன்லைன் பதிவு கேட்கவில்லை.