ஒரு கேசட்டில் 99,99,999 பொய்

பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்தவர்களுக்கு அதன் நடை தெரியும். ஒரு மன்னர் வருவார். சாலையோரம் மரம் நடுவார், குளம் வெட்டுவார், பக்கத்து நாட்டின் மேல் படையெடுப்பார், செத்துப்போவார். அடுத்து ஒரு இருண்ட காலம். அதைத் தாண்டினால் பொற்காலம். பத்து மதிப்பெண்.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே நெடுஞ்சாலையோரம் இருக்கிற குந்தாரப்பள்ளிக்கும் இதே வரிசையில் ஒரு வரலாறு உண்டு. மன்னர்கள்தான் கொஞ்சம் மாறுவார்கள். ஒருவர் குள்ளம், மீசைக்காரர், ஆமையைக் கண்டால் மிதிப்பார். இன்னும் இருவர் சட்டை போடாமல் துப்பாக்கியோடு காட்டுக்குள் ஓடுவார்கள். இவர்கள் மரம் நட்டதாகக் குறிப்பில்லை. படையெடுப்பு மட்டும் குறைவில்லாமல் நடந்தது.

இந்த மன்னர்கள் எல்லாரும் இப்போது ஒரே கையடக்கக் கருவிக்குள் குடியிருக்கிறார்கள். 2023 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஆசுஸ் ராக் அல்லையை எடுத்துக்கொள்வோம். அப்போதைய விலை 69,990 ரூபாய். எட்டு கோர் பிராசசர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி சேமிப்பு, ஏழு அங்குலத் திரை. இன்றைய பெரிய விளையாட்டுகளை ஓட்டுவதற்காகச் செய்த யானை இது. முப்பது வயதைத் தாண்டியவர்கள் இதை வாங்கியதும் என்ன செய்கிறார்கள்? எமுலேட்டர் போட்டு 1985-ன் மாரியோவை ஓட்டுகிறார்கள்.

எமுலேட்டர் என்றால் பெரிய சூத்திரம் ஒன்றும் கிடையாது. புது கம்ப்யூட்டர் பழைய கம்ப்யூட்டராக வேஷம் கட்டி ஆடும் மென்பொருள். மாரியோ முதலில் ஓடிய பெட்டியின் ரேம் 2 கேபி. கையில் இருப்பது 16 ஜிபி. கணக்குப் போட்டால் 83,88,608 மடங்கு. இவ்வளவு பலத்தையும் வைத்துக்கொண்டு, நான் பலவீனமானவன் என்று அசராமல் நடிப்பதுதான் அதன் முழுநேர வேலை. நம் ஊர் அரசு அலுவலகத்தில் இந்தக் கலையைக் கரைத்துக் குடித்தவர்கள் பலர் உண்டு.

கற்காலம்

1983 ஜூலை 15. ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி, மாரியோ பின்னால் குடியேறிய ஃபேமிகாம் என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. அதற்கு 20 நாள் முன்னால்தான் கபில்தேவ் லார்ட்ஸில் கோப்பையைத் தூக்கியிருந்தார். ஆகவே இந்தியாவில் ஜப்பானைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. குந்தாரப்பள்ளி அப்போது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகவே 2004-ல்தான் பிறந்தது. மாவட்டமே வராத ஊருக்கு மாரியோ மட்டும் எப்படி வருவார்?

முறைப்படி வந்தவர்களும் உண்டு. 1995-ல் செகா கம்பெனி தன் மெகா டிரைவ் பெட்டியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இறக்குமதி வரி 80 சதவீதம். அதைச் சமாளிக்க உள்ளூரில் ஒரு கூட்டாளியைப் பிடித்தார்கள். யாரை? ஷா வாலஸ் கம்பெனியை. ஆமாம், ராயல் சேலஞ்ச் விஸ்கி விற்றவர்களேதான். குழந்தைகள் விளையாட்டுப் பொருளை இந்தியா முழுக்கக் கொண்டுசேர்க்கத் தகுந்த கை சாராயக் கம்பெனிதான் என்று கண்டுபிடித்தவர் யாரோ, தீர்க்கதரிசி. பெட்டியின் விலை 18,000 ரூபாய். அன்றைக்கு அந்தக் காசைக் கொண்டுபோனால் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு சிறு மந்தையையே ஓட்டிக்கொண்டு வரலாம். ஆடு குட்டி போடும், மெகா டிரைவ் போடாது. ஊர் ஆட்டின் பக்கம் நின்றது.

நகல் மன்னர்களின் ஆட்சி

அசல் வராத ஊரில் நகல்தான் அசல். ஃபேமிகாமின் உள்ளுறுப்புகளை தைவான்காரர்கள் சில்லுகளாக நகலெடுத்துக் கொடுத்தார்கள். சீனாவில் பெட்டி செய்தார்கள். லிட்டில் மாஸ்டர், டெர்மினேட்டர் என்று வாய்க்கு வந்த பெயரை ஒட்டி இந்தியா முழுக்க விற்றார்கள். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பை நிறைய வாங்கி, அத்திப்பள்ளி செக்போஸ்ட் வழியாகப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள்தான் நம் வாஸ்கோடகாமாக்கள். அவர்களுக்குச் சிலை கிடையாது.

வாங்க முடியாதவர்களுக்கு வாடகைக் கடை. மணிக்கணக்கில் காசு. டிவிக்கு முன்னால் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் யோசனை சொல்ல இருபது பேர். இது மூன்று மொழி எல்லை. சட்டையில்லாத அந்த இருவர் ஓடும் காண்ட்ரா விளையாட்டில் ஆள் செத்தால் ஒரே நேரத்தில் போச்சுடா, ஹோய்த்து கணோ, போயிந்திரா என்று மூன்று குரல் கேட்கும். காவிரிக்கு அடித்துக்கொண்ட இரண்டு மாநிலமும் கடைசிக் கட்ட அரக்கனிடம் ஒற்றுமையாகத் தோற்றன.

அப்புறம் அந்தக் கேசட். உலகம் அதைக் கார்ட்ரிட்ஜ் என்றது, நமக்கு அது கேசட்தான். மேலே ஒட்டிய காகிதத்தில் 9999999 இன் ஒன் என்று அச்சடித்திருக்கும்.

"அண்ணா, இதுல காண்ட்ரா இருக்கா?"

"தொண்ணூத்தொம்போது லட்சம் கேம் இருக்குடா. காண்ட்ரா இல்லாமயா போயிரும்?"

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் முதல் பக்கத்தில் காண்ட்ரா, மாரியோ, டேங்க், சர்க்கஸ். இரண்டாவது பக்கத்தில் அதே காண்ட்ரா, ஆனால் இரண்டாம் கட்டத்திலிருந்து. மூன்றாவது பக்கத்தில் அதே மாரியோ, வேறு பெயரில். மொத்தத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய விளையாட்டுகள். மீதி எல்லாம் வாக்காளர் பட்டியலில் இறந்தவர்கள். கேசட்டைக் கழற்றித் திறந்தவர்களுக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருந்தது. கைநிறைய இருக்கும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பிஸ்கட் அளவு பச்சைப் பலகை, அதன் நடுவே கெட்டியாக உறைந்த கறுப்பு எபாக்ஸித் துளி. அவ்வளவுதான். மீதி இடம் முழுக்கக் காற்று.

அந்தக் காற்று போதாது என்று நாமும் ஊதினோம். கேம் வரவில்லையா, கேசட்டை உருவு, வாயில் வைத்து ஊது, திரும்பச் சொருகு. உலகம் பூராவும் இந்த வைத்தியம் நடந்தது. ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் பின்கள் அரிக்கும் என்று நிண்டெண்டோவே கெஞ்சிப் பார்த்தது. கேசட் வேலை செய்தது ஊதியதால் இல்லை, உருவித் திரும்பச் சொருகியதால். ஆனால் ஊதாமல் வேலை செய்தது என்று எவனாவது சொன்னால் கடையை விட்டே துரத்திவிடுவார்கள்.

காண்ட்ராவில் முப்பது உயிர் வாங்கும் மந்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. கோனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986-ல் கிராடியஸ் என்ற விளையாட்டைச் சோதித்துப் பார்க்க அது கஷ்டமாக இருந்ததால், தனக்கென்று வைத்துக்கொண்ட குறுக்குவழி இது. எடுக்க மறந்துபோனது. திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி ராமானுஜர் மந்திரத்தை ஊருக்கே சொன்னார். நம் வாடகைக் கடையில் மந்திரம் தெரிந்த அண்ணன் அப்படியெல்லாம் செய்யவில்லை. ஒரு கடலை மிட்டாய் கேட்டார்.

இலவச காலம்

மற்ற நாடுகளில் எமுலேட்டர் 1997-லிருந்தே பரவலாக ஓடுகிறது. அந்த ஏப்ரலில் நெஸ்டிகிள் என்ற இலவச எமுலேட்டர் வந்தது. மாரியோவின் மொத்த எடை 40 கேபிதான் என்பதால் ஒரு ஃபிளாப்பியில் முப்பது மாரியோவுக்கு மேல் அடங்கும். அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்பதுதான் நம் பக்கம் இருந்த சின்னச் சிக்கல். அதைத் தீர்த்து வைத்தது தமிழக அரசியல்.

2006 செப்டம்பர் 15, கலைஞர் ஆட்சி, வீட்டுக்கு வீடு 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி. பெரியவர்கள் சீரியல் பார்க்கப் பழைய டிவி இருந்த வீட்டில், பிள்ளைகளுக்கென்று ஒரு டிவி உபரியாக வந்து சேர்ந்தது. கிராமத்தில் டிவி கேம் விற்பனைக்கு இதைவிட நல்ல காலம் இருந்ததில்லை. 2011 செப்டம்பர் 15, அம்மா ஆட்சி, பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு இலவச லேப்டாப். பாஸ் லினக்ஸும் விண்டோஸும் போட்டு, படித்து முன்னேறு என்று கொடுத்தார்கள். பையன் பென்டிரைவில் எமுலேட்டர் வாங்கி வந்து முன்னேறினான். எட்டாம் உலகம் வரைக்கும்.

இரண்டு திட்டமும் தொடங்கியது அண்ணா பிறந்தநாளில். ஒருவர் திரை கொடுத்தார், ஒருவர் கம்ப்யூட்டர் கொடுத்தார். இரு கழகமும் கூடி நடத்திய ஒரே கூட்டணி ஆட்சி இதுதான். இரண்டு பேருக்கும் அது தெரியாது.

நடுவில் இருண்ட காலம் ஒன்று வேண்டுமே? சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டு மின்வாரியம் கொடுத்தது. மாரியோவில் பாதியில் நிறுத்திச் சேமிக்கும் வசதி கிடையாது. கரன்ட் போனால் முதல் உலகத்திலிருந்து மறுபடி. எமுலேட்டரில் இருக்கும் சேவ் ஸ்டேட், நினைத்த நொடியில் ஆட்டத்தை அப்படியே உறையவைத்து, நாளைக்கு அதே நொடியிலிருந்து எழுப்பும். அமெரிக்காக்காரன் இதை சோம்பேறிகளின் தில்லுமுல்லு என்பான். 2012-ன் மின்வெட்டில் தமிழ்நாட்டில் இருந்தவன் மனித உரிமை என்பான்.

பொற்காலம்

இப்போது கையடக்கக் கருவிக்கு வருவோம். மாரியோவுக்கு இவ்வளவு குதிரைசக்தி எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். பதில் இருக்கிறது. பழைய பெட்டியை ஒப்புக்கு நகல் செய்வது சுலபம், அச்சு அசலாகச் செய்வது கஷ்டம். 3.58 மெகாஹெர்ட்ஸில் ஓடிய சூப்பர் நிண்டெண்டோவை ஒரு துடிப்பு கூடப் பிசகாமல் நடிக்கவைக்க 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் வேண்டும் என்று பிஸ்னெஸ் எமுலேட்டரை எழுதியவரே 2011-ல் விளக்கியிருக்கிறார். பிளேஸ்டேஷன் 2 பக்கம் போனால் மின்விசிறி சத்தம் போட ஆரம்பிக்கும்.

அது போக, பலத்தைக் கரைக்க நாமே வழி வைத்திருக்கிறோம். பளிங்கு போன்ற திரை நமக்கு ஆகாது. பழைய டிவியின் கோடு, கசியும் சிவப்பு, மூலையில் வளைவு எல்லாம் வேண்டும் என்று ஷேடர் போடுகிறோம். அந்தக் காலத்தில் திரையில் விழுந்த கோடுகளை ஒழிக்கத்தான் மொட்டைமாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்பினோம்.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. மெசென் போன்ற எமுலேட்டரின் செட்டிங்ஸில் ரீஜியன் என்று ஒரு வரி இருக்கும். என்டிஎஸ்சி, பால், டெண்டி. என்டிஎஸ்சி என்பது ஜப்பான், அமெரிக்கா வழக்கம், நொடிக்கு 60 படம். நம் டிவி பால் முறை, நொடிக்கு 50. அசல் மாரியோவை அசல் வேகத்தில் ஓட்டினால் நம் ஆள் கடைசிப் பேருந்தைப் பிடிப்பவர் மாதிரி ஓடுகிறார், பாட்டும் அவசரப்படுகிறது. டெண்டி என்று மாற்றுங்கள். ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, அடடா, இதுதான் நம் மாரியோ. 1992 இறுதியில் ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டியின் பெயர் டெண்டி. நகலின் வேகத்தையும் ஒரு தரமாக ஏற்று, நகலை நகலெடுக்க எமுலேட்டர்காரர்கள் தனி வழி செய்து வைத்திருக்கிறார்கள். கள்ளச்சரக்குக்கு இதைவிடப் பெரிய கௌரவம் உலகில் கிடைத்ததில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? எமுலேட்டர் எழுதுவது குற்றமில்லை என்று கனெக்டிக்ஸ் மேல் சோனி போட்ட வழக்கில் 2000-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறர் உரிமையுள்ள விளையாட்டை அனுமதியில்லாமல் இறக்கிக்கொள்வதுதான் தப்பு. 2024 மார்ச்சில் ஸ்விட்ச் எமுலேட்டரான யூசுவை நிண்டெண்டோவின் வக்கீல்கள் 24 லட்சம் டாலர் கட்டச்சொல்லி மூடவைத்தார்கள். அடுத்த மாதமே ஆப்பிள் மனம் மாறி, ரைலி டெஸ்டட் எழுதிய டெல்டா எமுலேட்டரை ஐபோனுக்குள் அனுமதித்தது. குந்தாரப்பள்ளிக்குப் பக்கத்தில் குருபரப்பள்ளி சிப்காட்டில் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டீக்கடையில் நிரூபிக்க முயலாதீர்கள்.

சம்பந்தம் வேறு இடத்தில் இருக்கிறது. ஐபோனின் மேலோடு ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகிறது. டப்பா காலியாக இருந்த கேசட்டை வாடகைக்கு எடுத்த சீமை, இன்றைக்கு அந்த விளையாட்டுகள் குடியிருக்கும் கருவிக்கே டப்பா செய்து உலகத்துக்கு அனுப்புகிறது. வரலாற்றுக்குக் கொஞ்சம் நக்கல் உண்டு.

அந்த 9999999 இன் ஒன் கணக்கையும் முடித்துவிடலாம். ஒரு மாரியோ 40 கேபி. 99,99,999 மாரியோ சுமார் 410 ஜிபி. ராக் அல்லையில் விண்டோஸுக்கு இடம் விட்டும் அது அடங்கும். ஆக, வாடகைக் கடை அண்ணன் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷம் முன்கூட்டிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

ஒரே ஒரு மன்னர் மட்டும் இந்தக் கருவிக்குள் சரியாக வரமாட்டேன் என்கிறார். வாத்து சுடும் துப்பாக்கி. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாக மின்னும். துப்பாக்கிக்குள் இருக்கும் கண் அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். பழைய குழாய் டிவியின் துடிப்பை நம்பிச் செய்த கண் அது, எல்சிடி முன்னால் குருடு. ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கலைஞர் டிவி கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். 70,000 ரூபாய்க் கருவியால் முடியாத ஒரு வேலை அதற்கு இன்னும் பாக்கி இருக்கிறது.