பேசினால் பெயர் போர்டில்

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் படித்த பிள்ளை, கேம்பஸ் இன்டர்வியூவில் ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்றதும், அப்படி ஒரு ஆளையே பார்த்ததில்லை என்பதுபோல் விழிக்கிறது. ஊர், அப்பா பெயர், பொழுதுபோக்கு எல்லாம் நேற்று ராத்திரி உருப்போட்டதுதான். நடுவில் ஒரு வரி நழுவினால் போச்சு. மறுபடி ‘குட் மார்னிங் சார்’ என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிள்ளையைச் சொல்லிக் குற்றமில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்கு 100 மதிப்பெண், நூறும் எழுதுவதற்கே. பேசினால்? கிளாஸ் லீடர் பெயரைக் கரும்பலகையில் எழுதிவைப்பான். ரொம்பப் பேசினால் பக்கத்தில் பெருக்கல் குறி வேறு.

வகுப்பில் வேற்றுமொழி பேச வரும் பயத்தை அளக்க அமெரிக்காவில் எலைன் ஹார்விட்ஸும் கூட்டாளிகளும் 1986-லேயே 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோல் செய்துவிட்டார்கள். பேசும்போது மற்ற மாணவர்கள் சிரிப்பார்களோ என்ற கவலைக்கும் அதில் இடம் உண்டு. நம்மூர்க் கடைசி பெஞ்சைப் பார்க்காமலேயே எழுதியிருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள்! அந்த பெஞ்சில் விழுந்து விழுந்து சிரிக்கிறவனும் தன் முறை நெருங்கும்போது எழுந்து நிற்பான்: ‘மே ஐ கோ அவுட், சார்?’ இலக்கணத்தில் ஒரு பிழை இருக்காது.