முக்காபுலாவியல்: ஒரு சிற்றாராய்ச்சி

எல்லாச் சொல்லுக்கும் பொருள் உண்டு என்று விதித்தவர் தொல்காப்பியர். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கு வகையும் பிரித்துக் கொடுத்தார். சினிமாப் பாட்டு கேட்கும் பாக்கியம் அவருக்கு வாய்க்காததால் ஐந்தாவது வகை விடுபட்டுப் போயிற்று. அதற்கு 'மெட்டுச்சொல்' என்று இக்கட்டுரை பெயர் சூட்டுகிறது. அகராதியில் இராது, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மனப்பாடம், நாலு நண்பர்கள் கூடினால் அரை மணி நேரச் சண்டைக்கு உத்தரவாதம்: இவையே அதன் இலக்கணம்.

தலையாய சான்று 1994-இல் கிடைக்கிறது. 'காதலன்' படத்துக்காக ரஹ்மான் இசையில் வாலி எழுதி, மனோவும் ஸ்வர்ணலதாவும் பாடிய 'முக்காலா முக்காபுலா'. இதன் பொருள் பற்றி அறிஞர் உலகம் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. உருதில் 'முகாபலா' என்றால் போட்டி, அவ்வளவுதான் என்று முடிக்கப் பார்ப்பார் ஒருவர். அப்படியானால் 'முக்காலா' எங்கிருந்து குதித்தது என்று மடக்குவார் இன்னொருவர். அது முக்காலமே, காதலுக்கு மூன்று காலத்திலும் போட்டி உண்டு என்று மூன்றாமவர் உரை கண்டதும், வடைத் தட்டு அவர் பக்கம் நகரும். உரை அபத்தம்தான். ஆனாலும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வலிந்து பொருள் கொண்ட இடங்களைப் படித்தவர்கள் இவர்மேல் கோபப்பட நியாயமில்லை.

இச்சொற்களின் பிறப்பிடம் பற்றி மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இசையமைப்பாளர் மெட்டைத் தத்தகாரமாகவோ வாய்க்கு வந்த ஒலியாகவோ பாடிக் கொடுப்பார். பாடலாசிரியர் அந்த அளவுக்குள் சொற்களை உட்கார வைப்பார். சில சமயம் அந்த ஒலியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். அதை எழுப்ப யாருக்கும் மனம் வராது. திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டின் தலையில் 'தனன தான' என்று சந்தக்குழிப்பு அச்சிட்டிருப்பார்கள். அங்கே அது தலைப்போடு நின்றுகொண்டது. சினிமாவில் பல்லவிக்கே இறங்கி வந்துவிட்டது. 1958-இல் 'அன்பு எங்கே' தந்த 'டிங்கிரி டிங்காலே'யும், 2008-இல் 'காதலில் விழுந்தேன்' படத்தில் சின்னப்பொண்ணு குரலில் அதிர்ந்த 'நாக்க முக்க'வும் இந்த வம்சமே.

போலிகளிடம் எச்சரிக்கை தேவை. 'நண்பன்' (2012) படத்துக்கு மதன் கார்க்கி எழுதிய 'அஸ்க் லஸ்கா' உளறலைப் போல வேடமிடும். விசாரித்தால் முன்னது துருக்கியில் காதல், பின்னது செக் மொழியில் காதல். இந்தத் தகவலை முதலில் அவிழ்த்துவிட்டவர் ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுத் திரிவார். இதற்கு நேரெதிர் வழக்கு 'இருவர்' (1997) படத்தின் 'நறுமுகையே'. அதில் வைரமுத்து எடுத்தாண்ட 'ஞாய்' அசல் குறுந்தொகைச் சொல். உன் தாய் என்று பொருள். கேட்டவர்களில் பலர் பாடகர் ஏதோ ராக ஆலாபனை செய்கிறார் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

புவியியல் துறைக்கும் இவ்வாய்வில் பங்குண்டு. கிளிமாஞ்சாரோ மலை இருப்பது தான்சானியாவில். இயைபுக்கு வந்து சேர்ந்த மொகஞ்சதாரோ இருப்பது பாகிஸ்தானில். இரண்டையும் கூவி அழைக்கும் 'எந்திரன்' (2010) பாட்டைப் படமாக்கியதோ பெரு நாட்டின் மாச்சு பிச்சுவில். மூன்று கண்டங்கள், ஒரே பாட்டு. பாட்டை எழுதிய பா.விஜயைக் குறை சொல்ல முடியாது. படப்பிடிப்பு எங்கே என்பது பாடலாசிரியர் கவலை அல்ல.

அதே 2010-இல் வந்த 'தமிழ்ப் படம்' இத்துறைக்கு ஒரு தொகைநூலே அளித்தது. பழைய பாட்டுகளின் மெட்டுச்சொற்களையே கோத்துக் கட்டிய 'ஓ மகசீயா'வை ஹரிஹரன் கஜல் பாடும் அதே உருக்கத்தோடு பாடியிருக்கிறார். எந்தச் சொல் எந்தப் படத்திலிருந்து வந்தது என்று பிரிக்கும் பணி நண்பர் வட்டங்களில் இன்னும் நடக்கிறது. சென்ற அமர்வு பாதியில் கலைந்தது, வடை தீர்ந்துவிட்டது.