காதில் விழாத சொற்கள்

எண்பதுகளில் எங்கள் ஊருக்குக் கடினமான ஆங்கிலச் சொல் எதுவும் வாய்வழியாக வந்து சேர்ந்ததில்லை. எல்லாம் அச்சில் வந்தவைதான். தஞ்சாவூருக்குப் பக்கத்துச் சிற்றூர். ஆங்கிலம் பேசிக்கொள்ளும் வீடு ஒன்றுகூடக் கிடையாது. அக்கா மட்டும் கிளை நூலகத்துக்குப் போய் 'தி இந்து' படிப்பாள். அதில் 1982-இல் தொடங்கிய 'நோ யுவர் இங்கிலீஷ்' பகுதியைப் பேராசிரியர் கே. சுப்ரமணியன் எழுதிவந்தார், பிறகு அவர் மகன் எஸ். உபேந்திரன் தொடர்ந்தார். வாசகர் கேட்ட சொல்லுக்குப் பொருள் இருக்கும், உச்சரிப்பு இருக்கும், அந்தச் சொல் புழங்கும் வாக்கியங்களும் இருக்கும். அக்கா அவற்றை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, ராத்திரி எனக்கும் வாசித்துக் காட்டுவாள்.

உச்சரிப்புதான் பெரும்பாடு. ஆங்கிலத்தில் எழுத்து ஒரு வழி போகும், ஒலி ஒரு வழி போகும். எழுத்தைப் பார்த்தால் 'எபிடோம்' என்று தோன்றும். சொல்ல வேண்டியது 'எபிட்டமி'. 'ஹைப்பர்போல்' போலத் தெரிவது 'ஹைப்பர்பலி'. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய, முப்பது நாளில் ஆங்கிலம் கற்றுத்தரும் புத்தகங்கள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் கொடுத்தன. அவை இல்லாமல் எத்தனையோ பேர் ஆங்கிலத்தின் பக்கமே போயிருக்க மாட்டார்கள் என்பதால் எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. ஆனால் எந்த அசையை அழுத்துவது என்பதைத் தமிழ் எழுத்தில் காட்ட வழியில்லை. தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகும். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை அழுந்தும். 'ஃபொடாக்ரஃபர்' என்றதும் அழுத்தம் இரண்டாவதற்கு நகரும். 'ஃபோட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவதற்கு. வானொலியில் ஆங்கிலச் செய்தி வரும்போது அக்கா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். தான் எழுதிவைத்த சொல் ஒன்று காதில் விழுந்துவிட்டால் அன்று முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இன்று அந்தத் தவம் வேண்டியதில்லை. கைப்பேசியில் சொல்லைத் தட்டினால் பிரிட்டிஷ் குரலும் அமெரிக்கக் குரலும் உடனே வருகின்றன. 'ஷெட்யூல்', 'ஸ்கெட்யூல்' இரண்டையும் கேட்டு விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். இதை நான் மனதார வரவேற்கிறேன். கிராமத்துப் பிள்ளைக்கும் நகரத்துப் பிள்ளைக்கும் நடுவே நின்ற பெரிய சுவர் ஒன்று இதனால் சரிந்திருக்கிறது.

இப்போது குறைவது வாக்கியம். எதிர்வீட்டுப் பெண் ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படிக்கிறாள். அவள் பயிற்சி மையம் கொடுத்த தாள்களில் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் ஒற்றைச் சொல்லில் அர்த்தம். முன்பு மேற்படிப்புக்கான ஜிஆர்ஈ தேர்வு எழுதியவர்கள் பேரன்ஸ் புத்தகத்தின் 3,500 சொற்களை இப்படித்தான் உருப்போட்டார்கள். எதிர்ச்சொல் கேள்விகளை அந்தத் தேர்வு 2011-இல் கைவிட்டு, வாக்கியத்துக்குப் பொருந்தும் சொல்லைக் கேட்பதில் கூடுதல் கவனம் வைத்தது. பட்டியல் மட்டும் ஒழியவில்லை.

இந்தக் குறையை எப்போதோ கண்டுகொண்டவர், ஜப்பானில் பாடம் நடத்திய ஏ. எஸ். ஹார்ன்பி என்ற ஆங்கிலேய ஆசிரியர். அர்த்தம் தெரிந்தும் மாணவர்களுக்கு வாக்கியம் அமையவில்லை என்பதைக் கண்டு, ஒவ்வொரு வினைச்சொல்லும் எப்படிப்பட்ட வாக்கியத்தில் அமரும் என்று குறித்து ஓர் அகராதி தொகுத்தார். 1942-இல் டோக்கியோவில் வெளியானது. 1948 முதல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டுவரும் மாணவர் அகராதிக்கு அதுவே மூலம். நம் அலுவலகங்களில் ஓயாமல் கேட்கும் 'டிஸ்கஸ் அபௌட்' போன்ற பிழைக்கு மருந்து அத்தகைய அகராதியில்தான் இருக்கிறது. 'டிஸ்கஸ்' என்றாலே 'பற்றி' அதற்குள் அடங்கிவிட்டது. தனியாக 'அபௌட்' தேவையில்லை.

ஞாயிறுதோறும் எதிர்வீட்டுப் பெண்ணும் நானும் ஒரு தலையங்கத்தைச் சத்தமாக வாசிக்கிறோம். போன வாரம் 'மிட்டிகேட்' வந்தது. அவள் தாளில் 'குறை' என்று இருந்ததால், கடைக்காரர் விலையை மிட்டிகேட் செய்தார் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறாள். வெள்ளச் சேதம், தண்டனையின் கடுமை, வலி, இப்படித் துன்பம் தருவதன் வேகத்தைத் தணிக்கும்போதுதான் அந்தச் சொல் வரும் என்பதற்கு நாலு வாக்கியங்கள் தேடிப் பார்த்தோம். உச்சரிப்பு அவளுக்குச் சுத்தமாக இருந்தது. முதல் அசையை என்னைவிடத் திருத்தமாக அழுத்துகிறாள்.

இந்த வேகத்தில் போனால் தேர்வுக்குள் பட்டியல் முடியாது என்கிறாள். முடியாதுதான். பாதிச் சொற்களாவது அவள் எழுத்தில் நிலைக்கட்டும் என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நீளமான தலையங்கமாகப் பார்த்து எடுத்துவைத்திருக்கிறேன்.