மாப்ளே, அந்தக் கரண்டி யார் கையில?

வாங்க மாப்ளே, உக்காருங்க. திண்ணையில கால நீட்டியே உக்காரலாம், மேலதிகாரி யாரும் வந்து பாக்க மாட்டாரு. மல்லாட்டை வறுத்து வச்சிருக்கு, கொறிச்சிக்கினே பேசுவோம். இன்னா அது கையில, படமா? வேன் மாதிரி கீது. உள்ள கட்டிலு, அடுப்பு, கக்கூசு, ஃப்ரிட்ஜ்... அட, கேரவன்! சினிமாக்காரங்க வெயில் படாம உக்காந்திருப்பாங்களே, அதுதானே? நீங்களும் எந்தங்கச்சியும் இதுல ஏறிக்கினு காஷ்மீர் வரைக்கும் போறீங்களா. ரொம்ப சந்தோசம். முப்பத்தஞ்சு வருசம் பேங்க்ல ஒரே நாற்காலியில உக்காந்த மனுசன், ரிட்டயர் ஆன ரெண்டாம் மாசமே அந்த நாற்காலிக்குச் சக்கரம் மாட்டிட்டீங்க. பலே.

நான் தடுக்கிற ஆளு இல்ல. நம்ம திருவண்ணாமலை வேங்கிக்கால் வாசல்ல போற இந்த வேலூர் ரோடு கீதே, இதையே தெக்கால புடிச்சிக்கினு போனா விழுப்புரம், திருச்சி, மதுரைன்னு தூத்துக்குடி கடல்ல போயி நிக்கும். தேசிய நெடுஞ்சாலை 38. வூட்டு வாசல்லயே இம்மாம் பெரிய வழிய வச்சிக்கினு, நானு கலெக்டர் ஆபீஸ் தாண்டி டீக்கடை வரைக்கும்தான் போய் வந்துக்கினு கீறேன். அது என் யோக்கியத.

ஆனா ஒண்ணு, இது புதுசுன்னு மட்டும் சொல்லாதீங்க. என் அப்பன் காலத்துல தீபத்து மாட்டுச் சந்தைக்கு ஜனங்க கூண்டு வண்டி பூட்டிக்கினுதான் வருவாங்க. அரிசி, பருப்பு, அண்டா, பாய், மாட்டுக்கு வைக்கோல், எல்லாம் அதுலயே. ராத்திரி வண்டிக்கு அடியில படுக்கை. கைப்புள்ளைக்கு நொகத்தடியில தூளி. மூணு கல்லு வச்சா அடுப்பு. இன்ஜினு புல்லு தின்னும், சாணி போடும், அந்தச் சாணி காஞ்சா அடுப்பெரிக்க ஆவும். கார்த்திகை மழை பேஞ்சா மட்டும் காயாது, பட்டினிதான். உங்க படத்துல இருக்கிற கம்பெனிக்காரன் இப்பிடி ஒரு வண்டி செஞ்சிருந்தா எம்மாம் வெல சொல்லியிருப்பான்!

அதுக்கும் முன்னால பாத்தா உமணருங்க. உப்பு மூட்டைய வண்டியில ஏத்திக்கினு, பொண்டாட்டி புள்ளையோட ஊர் ஊராப் போனவங்க. மேடு பள்ளத்துல அச்சு முறிஞ்சா மாத்தறதுக்கு, வண்டிக்குக் கீழ இன்னொரு அச்சு கட்டி வச்சிருப்பாங்களாம். சேம அச்சுன்னு பேரு. புறநானூத்துல ஔவையார் சொல்லியிருக்காங்கன்னு எங்க தமிழ் வாத்தியார் சொல்லுவாரு. நம்மாளு ஸ்டெப்னி கட்டிக்கினு ஊர் சுத்தி ரெண்டாயிரம் வருசம் ஆவுது மாப்ளே. நீங்க வண்டி வாங்கனா ஸ்டெப்னியில காத்து கீதான்னு மொதல்ல பாருங்க. உங்க ஸ்கூட்டர்ல அது என்னைக்குமே இருந்தது இல்ல.

அப்புறம் லைசென்சு. 55 தாண்டினவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் அஞ்சு வருசத்துக்குத்தான் புதுப்பிச்சிக் குடுப்பாங்க. கூடவே டாக்டர் சர்டிபிகேட்டும் கேப்பாங்க. டாக்டரு சொவத்துல எழுத்த மாட்டி வச்சி, மேல இருந்து படிங்கன்னுவாரு. நீங்க மாலை பேப்பர படிக்கிறதுக்கே என் கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கினு படிக்கிற ஆளு.

அது கெடக்கட்டும். வண்டியில மூணு தொட்டியாமே? நல்ல தண்ணிக்கு ஒண்ணு, பாத்திரம் கழுவுன தண்ணிக்கு ஒண்ணு, இன்னொண்ணு எதுக்குன்னு சொல்ல வேணாம், மல்லாட்டை துன்னுக்கினு கீறோம். அமெரிக்காவுல அதைக் கொட்டறதுக்குன்னே வழியில எடம் கட்டி வச்சிருக்கான். கேரளாவுல 2021ல கேரவன் சுற்றுலான்னு ஒரு திட்டம் கொண்டாந்து, வண்டி நிறுத்த, கரண்டு எடுக்க, தொட்டி காலி பண்ண பார்க் வைக்கிறதுன்னு ஆரம்பிச்சாங்க. வாகமண்ல ஒண்ணு வந்துது. அந்த மாதிரி எடமா பாத்துப் போங்க. செங்கம் ரோட்டுல எவன் கழனி ஓரத்துலயாவது குழாயத் தெறந்து வுட்டீங்கன்னா, கழனிக்காரன் கழி எடுத்துக்கினு வருவான். அவங்கிட்ட இது சுற்றுலாத் திட்டம்னு சொல்லிப் பாருங்க.

சரி, இப்ப அந்தப் படத்த இப்பிடிக் காட்டுங்க. ஸ்டியரிங்கு எங்க? முன்னால. அது யாரு? நீங்க. ஜன்னலு எங்க? ரெண்டு பக்கமும் பெருசாக் கீது, நல்லா வேடிக்கை பாக்கலாம். அடுப்பு எங்க மாப்ளே? பின்னால, மூலையில. அது யாரு?

இன்னாத்துக்கு மோட்டுவளையப் பாக்கறீங்க?

உங்களுக்கு ஆபீஸ்ல மாலை போட்டாங்க, சால்வை போத்தினாங்க, நாலு பேரு மைக்ல பேசினாங்க. நானும் வந்து பிரியாணி துன்னுட்டுத்தான் வந்தேன். எந்தங்கச்சிக்கு ரிட்டயர்மெண்டு என்னைக்கி? அவளுக்கு எந்த மண்டபத்துல பாராட்டு விழா? அன்னைக்கி ராத்திரி விழா முடிஞ்சி வூட்டுக்கு வந்து மால வாடறதுக்குள்ள, 'ஒரு காபி போடு'ன்னுதானே சொன்னீங்க. இதுவரைக்கும் ஒரு ஊர்ல சமைச்சா. இனிமே இருவது மாநிலத்துல சமைக்கப் போறா. சக்கரத்து மேல ஆடிக்கினே சாம்பார் வைக்கணும், அது வேற.

ரயில்வேக்காரனுக்கு இந்த வெவரம் தெரிஞ்சிருந்துது மாப்ளே. ஆம்பளைக்கு 60 வயசானாத்தான் சலுகை, அதுவும் 40 சதவீதம். பொம்பளைக்கு 58லயே பாதி டிக்கெட்டு. அவங்க ரெண்டு வருசம் முந்தியே களைச்சிடுவாங்கன்னு எவனோ பொண்டாட்டிகிட்ட பேச்சு வாங்கனவன் போட்ட சட்டம் அது. 2020 மார்ச்சுல கொரோனா பேர சொல்லி நிறுத்தினாங்க. நிறுத்தினது நிறுத்தினதுதான்.

வெள்ளைக்காரன் கதையும் கேளுங்க, பேத்தி போன்ல படிச்சிக் காட்டினா. ஸ்டீன்பெக்குன்னு ஒரு எழுத்தாளன். பின்னால நோபல் பரிசெல்லாம் வாங்கனவன். 1960ல, 58 வயசுல, லாரி முதுகுல ஒரு வூட்ட ஏத்தி, அதுக்கு ரோசினான்ட்டின்னு ஒரு கெழட்டுக் குதிரை பேர வச்சி அமெரிக்காவ ஒரு சுத்து சுத்துனான். கூட யாரக் கூட்டிக்கினு போனான்? நாய. பொண்டாட்டிய வூட்டுல வுட்டுட்டான். அவன் புத்திசாலியா, அவ புத்திசாலியான்னு நீங்களே சொல்லுங்க. பிற்பாடு ஒருத்தன் தேடிப் பாத்தா, பல ராத்திரி அந்த லாரியில படுக்கவே இல்ல, ஓட்டல்லதான் படுத்தானாம். நாளாவட்டத்துல பொண்டாட்டியும் அங்கங்க வந்து சேந்துக்கினாளாம். ஓட்டலுன்னா யாருதான் வர மாட்டாங்க?

இதையெல்லாம் வுடுங்க. நம்ம பக்கத்துலயே, கொச்சியில, விஜயன் மோகனான்னு ஒரு டீக்கடைப் புருசன் பொண்டாட்டி. ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸுன்னு தம்மாத்தூண்டு கடை. தெனம் 300 ரூபா எடுத்து வைக்கிறது, பத்தாததுக்கு லோனு போடறது, வெளிநாடு போறது, வந்து மறுபடி டீ ஆத்தி லோன அடைக்கிறது, அடுத்த நாட்டுக்குக் கெளம்பறது. 2007லருந்து இதே வேலை. 25 நாட்டுக்கு மேல பாத்துட்டாங்க. கடைசியா 2021ல ரஷ்யா. வந்த அடுத்த மாசமே, நவம்பர்ல, விஜயன் போயிட்டாரு. லோன் அடைச்சாரான்னு நீங்க கேப்பீங்க, தெரியும், பேங்க் புத்தி போவாது. நான் பாக்கறது வேற. வாழ்நாள் பூரா ஊருக்கு டீயும் தோசையும் குடுத்த ரெண்டு பேரு. கெளம்பும்போது அந்த அடுப்பத் தலையில தூக்கிக்கினு போவல. கடைய சாத்திட்டுப் போனாங்க. அந்த அம்மா எந்த ஊரு போனாலும் எவனோ வச்சதத் துன்னாங்க, உப்பு கம்மின்னு கொறயும் சொல்லியிருப்பாங்க. கொற சொல்றது எம்மாம் பெரிய சொகம்னு உங்களுக்குத் தெரியும், முப்பத்தஞ்சு வருசமா அனுபவிக்கிறீங்களே.

இன்னாது? சாமி மேல பாரத்தப் போட்டுட்டுக் கெளம்பறீங்களா. நம்மூரு ரமணர் சாமியையே எடுத்துக்கங்க. 1896 செப்டம்பர் 1ந் தேதி, 16 வயசுப் பையனா மதுரையிலருந்து வந்து எறங்கனாரு. வழியில காசு தீந்து போயி, காதுல இருந்த கடுக்கன அடகு வச்சிட்டு வந்தாரு. 1950 ஏப்ரல் 14 வரைக்கும் இந்த மலைய வுட்டு ஒரு ஊருக்கும் போவல. ஊரு உலகந்தான் அவரத் தேடிக்கினு வந்துது. 1938ல சோமர்செட் மாம்னு இங்கிலீசு எழுத்தாளரு வந்து, ஆசிரமத்துல மயக்கம் போட்டே வுழுந்தாரு. வெயிலா பக்தியான்னு இன்னைக்கும் பேச்சு. அந்த ரமணரு விடியறதுக்கு முந்தி எழுந்து ஆசிரமத்து சமையக்கட்டுல உக்காந்து காய் நறுக்குவாரு, சட்னி அரைப்பாரு. சாமியே நறுக்கலாம். பேங்க் மேனேஜரு நறுக்கக் கூடாதா?

அதனால, காஷ்மீரு அப்புறம். மொதல்ல ஒரு வண்டிய வாடகைக்குப் புடிச்சி நம்ம ஏரிக்கரையில ஒரு வாரம் நிறுத்துங்க. பௌர்ணமி பக்கம் மட்டும் வேணாம், கிரிவலத்துக்கு லட்சக்கணக்குல ஜனம் வந்துடும், எல்லா ரோட்லயும் போலீசு வண்டிய மறிச்சி வேற பக்கம் அனுப்பிடுவான், உங்க வூடு அவலூர்பேட்டையில போயி நின்னுடும். தண்ணி நீங்க புடிங்க. தொட்டி நீங்க காலி பண்ணுங்க. காலையில நீங்க டீ போடுங்க, ராவைக்கு நீங்க உப்புமா கிண்டுங்க. தங்கச்சி ஜன்னல் ஓரம் உக்காந்து மலையப் பாத்துக்கினு இருக்கட்டும். அவ உப்பு கம்மின்னு சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்காதீங்க. ஏழாம் நாள் அந்த அடுப்புகிட்ட யாரு இருக்காங்கன்னு நான் நடந்தே வந்து பாக்கறேன்.

உள்ள சிரிக்கிற சத்தம் கேக்குதா? தங்கச்சியும் என் வூட்டுக்காரியும் காது குடுத்துக்கினுதான் கீறாங்க. உங்ககிட்ட ஒரு சங்கதி மறைச்சிட்டேன், கோச்சிக்காதீங்க. போன வாரம் கீரை வாங்கப் போறேன்னு தங்கச்சி கெளம்பனாளே, கீரையும் வாங்கல ஒண்ணும் வாங்கல. எல்எல்ஆர் போட நான்தான் கூட்டிக்கினு போனேன். சொவத்துல மாட்டனதக் கடைசி வரி வரைக்கும் கண்ணாடி இல்லாமப் படிச்சிட்டா. டாக்டரே அசந்துட்டாரு.

மல்லாட்டை இன்னும் கொஞ்சம் எடுத்துக்கங்க மாப்ளே. தோலு மட்டும் இந்த மொறத்துல போடுங்க, கீழ போடாதீங்க. கூட்டறது இன்னைக்கி என் முறை.