பஞ்சபூதத்துக்கு டோக்கன் போட்ட அப்புனுக்கு

ஏங் கண்ணு, பஞ்சபூதத்தோட கனெக்ட் ஆகப் போறயாமா? சனி ஞாயிறு ரெண்டு நாள் யோகா கேம்ப். மலையடிவாரத்துல ரிசார்ட். நோட்டீசைப் பாத்தேன். வெடியக்காலம் மண்ணு, பத்து மணிக்குத் தண்ணி, பொழுதோட தீ. காத்தும் ஆகாசமும் ஞாயித்துக்கெழமை. நடுவால பஃபே சாப்பாடு. கேம்ப்புக்குக் கட்டற காசுக்கு ரெண்டு நல்ல வெள்ளாடு புடிச்சிருக்கலாம். வருசம் திரும்பறதுக்குள்ள அதுக குட்டியாச்சும் போட்டிருக்கும். நீ என்ன போடுவே? ஸ்டேட்டஸ் போடுவே.

கோவிச்சுக்காத அப்புனு. யோகாவைக் கொறை சொல்ல நான் ஆரு? நாளெல்லாம் கம்ப்யூட்டருக்கு முன்னால கூனிக் குறுகி உக்காந்திருக்கற உடம்பை நிமுத்தறது நல்ல காரியந்தான். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நீ பூமியைப் பாக்கப் போறயா, பூமி உன்னயப் பாக்கோணும்னு போறயா?

மண்ணுல இருந்தே ஆரம்பிப்போம். மண்ணோட ஒட்டி உறவாடோணும்னு போறவன் மொதல்ல என்ன பண்றான்? சுருட்டிக் கொண்டுபோன யோகா மேட்டை உதறி விரிக்கறான். அதுல பாதிக்கு மேல பிளாஸ்டிக்கு. இவனுக்கும் மண்ணுக்கும் நடுவால ஒரு எறும்புகூட வரக்கூடாது. அப்பறம் கண்ணை மூடிக்கிட்டு, "நான் பூமியை உணர்றேன்"ங்கறான். எப்படி உணர்றே சாமி? தபால்லயா?

அதைய விடு. பூமியோட சக்தி உடம்புல ஏறறதுக்குன்னே இப்ப ஒரு படுக்கை விரிப்பு விக்கறானாமா. அதுல ஒரு ஒயர் தொங்கும். அதையக் கொண்டுபோய் கரண்டு பிளக்குல எர்த் ஓட்டையில சொருகோணும். மூணாவது மாடியில ஏசியைப் போட்டுப் படுத்துக்கிட்டு, ஒயர் வழியா பூமாதேவியைத் தொடறான். எனக்குத் தெரிஞ்சு மோட்டாருக்குத்தான் எர்த் போடுவாங்க. மனுசனுக்கும் போடற காலம் வந்துருச்சு.

வெறுங்கால்ல நடக்கறது புதுசா கண்ணு? வெள்ளியங்கிரிக்கு எத்தன சனம் போகுது பாரு. மாசி பங்குனி ஆச்சுன்னா கையில ஒரு மூங்கில் தடி. ஏழு மலை. ராத்திரியோட ராத்திரியா வெறுங்கால்ல ஏறறாங்க. மேல போகப் போகப் பல்லு கிட்டுது. எறங்கி வர்றவனை நிறுத்தி, பூமியோட கனெக்ட் ஆனயான்னு கேட்டுப் பாரு. "முட்டி கனெக்‌ஷனே போயிருச்சுங்க, வழிய உடுங்க"ம்பான். ஆனா அடுத்த வருசமும் வருவான். நோட்டீஸ் அடிச்சா அவனை வர வெச்சாங்க?

தண்ணிக்கு வா. நொய்யல் ஆறு அந்த வெள்ளியங்கிரி மலைச்சாரல்லதான் பொறக்குது. கோயமுத்தூர், திருப்பூர் தாண்டிப் போய் காவேரியில சேருது. சேருதுன்னு சொல்றதுக்கே வாய் கூசுது. அதுக்குக் குறுக்கால ஒரத்துப்பாளையத்துல 1992ல அணை கட்டி முடிச்சாங்க, பாசனத்துக்குன்னு. பாசனத் தண்ணி வந்துச்சோ இல்லயோ, திருப்பூர் சாயத்தண்ணி வந்து நின்னுச்சு. கடைசியில அணையைத் தொறந்து உடாதீங்கன்னு விவசாயியே கெஞ்சற நெலம. 2011 ஜனவரியில சென்னை ஐகோர்ட்டு, சாயப்பட்டறைகளை இழுத்து மூடுன்னு உத்தரவு போட வேண்டியதாச்சு. நீ தண்ணியோட பேசறப்ப அந்த ஆத்தோடயும் ரெண்டு வார்த்தை பேசிப் பாரு. மொதக் கேள்வி அதுதான் கேக்கும்: "காலோட ஒட்டிக்கிட்டு நிக்குதே நீலக்கலர் யோகா டவுசர், அதைய எந்த ஆத்துத் தண்ணியில முக்கி எடுத்தாங்க?" பதில் இருக்குதா உன்றகிட்ட?

அடுத்தது தீ. வாசனை மெழுகுவர்த்தியைப் பொருத்தி வெச்சு உத்துப் பாக்கோணுமாமா. பாரு. உங்க அமுச்சி ஈர வெறகைக் குழல்ல ஊதி ஊதி, கண்ணு ரெண்டும் செவந்து, ஊட்டுச் சனம் அத்தனைக்கும் ஆக்கிப் போட்டவ. தீயோட நெருங்கிப் பழகுனவ அவதான். கேஸ் அடுப்பு வந்தன்னைக்கு, "ஐயோ, தீயோட உறவு அத்துப்போச்சே"ன்னு அழுதாளா? சிலிண்டருக்குப் பொட்டு வெச்சுக் கும்பிட்டா!

சூரிய நமஸ்காரம் பண்ணு, நல்லதுதான். மராட்டியப் பக்கம் அவுந்து சமஸ்தானத்து ராசா ஒருத்தர் 1920கள்ல அதைய எடுத்து, உடம்புக்கு நல்லதுன்னு ஊரெல்லாம் பரப்பி உட்டாரு. அது பொழுது கெளம்பறப்ப வெளிய நின்னு பண்றது. நீ ஏசி ரூமுல திரையை இழுத்து உட்டுக்கிட்டுப் பண்றயே, சூரியனுக்கு எப்படித் தெரியும், கும்பிட்டது அதையத்தான்னு?

காத்து எங்களுக்கு ஒரு விசேசமா? மேக்கால மலை பாலக்காட்டுக்கிட்ட ஒரு முப்பது கிலோமீட்டருக்கு வழி உட்டுக்கிட்டு நிக்குது. ஆடி பொறந்தா அந்தச் சந்துல பூந்து வர்ற காத்து உடுமலை, பல்லடம் பக்கம் காத்தாலையைச் சுத்துது, எங்கூட்டு ஓட்டைத் தூக்குது, கொலை தள்ளுன வாழையைச் சாய்க்குது. "மூச்சைக் கவனி"ங்கறாரு உங்க வாத்தியாரு. வாழை சாஞ்சவனைப் பாரு. ஆரும் சொல்லாமயே அடிவயித்துல இருந்து மூச்சை இழுத்து உடுவான்.

ஆகாசத்தைப் பத்தி என்ன சொல்ல? சிதம்பரம் கோயில்ல திரையை வெலக்குனா வெறும் வெளி, தங்க வில்வமாலை. அவ்வளவுதான். ஒண்ணுமில்லாததைக் காமிக்கறதுக்கு அங்க ஒரு திரை போதும். உங்களுக்கு ரிசார்ட் வேணும்.

இன்னொண்ணு சொல்றாங்களே, மைண்ட்ஃபுல்னஸ். 1979ல அமெரிக்காவுல ஜான் கபாட்-ஜின்னுன்னு ஒரு மனுசன், தீராத வலியில கெடக்கறவங்களுக்குன்னு இதைய ஆரம்பிச்சாரு. அதுல ஒரு பாடம்: ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில வெச்சு உருட்டிப் பாத்து, மோந்து பாத்து, மெதுவா மென்னு திங்கோணும். வலியில கெடக்கறவனுக்கு அது மருந்து. நான் சிரிக்கல. ஆனா நீ? சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல போனை நிக்க வெச்சு, என்ன திங்கறோம்னே தெரியாம உருட்டி முழுங்கறவன். உனக்கெதுக்கு திராட்சைப் பாடம்? போனைக் கவுத்து வெச்சா அன்னைக்கே நீ பாஸ்.

அதே அமெரிக்காவுல, ஒரேகான்னு ஒரு மாநிலத்துல 2016ல ஆட்டு யோகான்னு கெளப்பி உட்டாங்க. சனம் குனிஞ்சு நிக்க, ஆட்டுக்குட்டி முதுகு மேல ஏறி நிக்குமாமா. அதுக்குக் காசு! என்ற முதுகுல ஏறாத ஆடா? பட்டிக்குள்ள புழுக்கை கூட்டக் குனிஞ்சா ரெண்டு குட்டி எந்நேரமும் மேலதான் நிக்கும். வர்றயா? காசு வேண்டாம். பட்டியைக் கூட்டிட்டுப் போ.

யோக சூத்திரம் எழுதுன பதஞ்சலி பேரை வாய்க்கு வாய் சொல்றயே, அவர் என்ன வரிசை வெச்சாருன்னு தெரியுமா? எட்டுப் படி. ஆசனம் மூணாவது படி. இருநூத்துக்குக் கொஞ்சம் கொறைவான சூத்திரத்துல அதுக்கு ஒதுக்குனது மூணே மூணு. உக்காந்தா ஆடாம, சுகமா உக்காருன்னுட்டு அவர் பாட்டுக்குப் போயிட்டாரு. மொதப் படி என்ன? அடுத்தவனுக்குத் தீங்கு பண்ணாத, பொய் சொல்லாத, திருடாத, கண்டதையும் சேத்து வெக்காத. ரெண்டாவது படியில, இருக்கறது போதும்னு இரு. நம்ம திருமூலரும் திருமந்திரத்து மூணாந்தந்திரத்துல இயமம், நியமம், அப்பறந்தான் ஆதனம்னு வெச்சாரு. நீ மொத ரெண்டு படியையும் தாண்டிக் குதிச்சு, மூணாவது படியில மேட்டு, டவுசரு, தண்ணி பாட்டிலு, வாசனை வத்தின்னு கடையை விரிச்சு நிக்கறே. கண்டதையும் சேக்காதன்னு சொன்னவரு பேரைச் சொல்லியே இத்தனையும் சேத்திருக்கறயே, உன்ற சாமர்த்தியமே சாமர்த்தியம்!

கவனம்னா என்னன்னு பாக்கோணுமா? மஞ்சக்காட்டுக்கு ராத்திரி தண்ணி கட்ட வா. மும்முனைக் கரண்டு எப்ப வருதோ அப்பத்தான் மோட்டார். நடுச்சாமம் ஆனாலும் எந்திரிச்சுப் போகோணும். வாய்க்கா வரப்புல வெறுங்கால். கையில மம்முட்டி. பாத்தி நெறயறதைக் கண்ணு பாக்காது, இருட்டு. காதுதான் பாக்கும். தண்ணி பாயறப்ப ஒரு சத்தம், நெறஞ்சு நிக்கறப்ப வேற சத்தம். கணுக்கால்ல சில்லுனு ஏறுச்சுன்னா ரெண்டு வெட்டு மண்ணை அள்ளி இந்த மடையை அடைச்சு அந்த மடையைத் தொறக்கோணும். சத்தம் திடீர்னு கொறஞ்சா எங்கியோ எலி வங்குல தண்ணி போகுதுன்னு அர்த்தம். தேடி மிதிச்சு அடைக்கோணும். வரப்போரம் புஸ்ஸுன்னு கேட்டா கண்ணாடி விரியன். அசையாம நிக்கோணும். அப்ப உன்ற மனசு ஆபீசுக்கு ஓடுமா? பழைய சண்டைக்கு ஓடுமா? எங்கியும் ஓடாது. ஓடுனா கடிச்சுப்போடும்.

அஞ்சும் அங்க இருக்குது, கண்ணு. ஆனா ஒண்ணும் உன்னயக் குசலம் விசாரிக்காது. ரிசார்ட்ல காத்து அளவா அடிக்கும், மண்ணு காலுல ஒட்டாது, தண்ணி வெதுவெதுன்னு வரும். காட்டுல அதுக இஷ்டத்துக்குத்தான் நாம ஆடோணும். அதுகளுக்கு என்ன வேணும்னு பாக்கறது ஒறவு. அதுகளால எனக்கு என்ன கெடைக்கும்னு பாக்கறது யாவாரம். யாவாரம் தப்பில்ல. ஆனா அதுக்குத் தியானம்னு பேரு வெக்காத.

எல்லாரும் காட்டுக்கு வர முடியுமா? முடியாதுன்னு எனக்கும் தெரியும். மொட்டை மாடியில ரெண்டு தக்காளிச் செடி வெய்யி. வாடுதா, பூச்சி உழுந்துருக்குதான்னு தெனமும் குனிஞ்சு பாரு. அந்தக் குனியலையும் ஆசனக் கணக்குல சேத்துக்கலாம், பதஞ்சலி கோவிச்சுக்க மாட்டாரு. கேம்ப்புக்குக் காசு கட்டிப்போட்டேன்னா போய்ட்டு வா, வேண்டாங்கல. ஆனா கெளம்பறப்ப பாத்ரூம் கொழாயை இறுக்கி மூடிட்டுப் போ. சொட்டிக்கிட்டே கெடக்குது.