ஓசூர் மேடுகளின் கடினம்: ஓர் இட்லிவழி ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிளில் ஏறியவர் பட்டது பெரும்பாடா, கிருஷ்ணகிரி போய் ஓசூர் திரும்பியவர் பட்டதா? சிப்காட் பக்கத்து டீக்கடைகளில் தீர்ப்பின்றிக் கிடக்கும் வழக்கு இது.

முன்னோர் கொள்கை: டூர் டி பிரான்ஸில் ஏற்றங்களை நான்கு முதல் ஒன்றுவரை தரம் பிரிப்பார்கள், மிகக் கொடியதைத் தரத்துக்கு அப்பாற்பட்டது என்று கைகழுவிவிடுவார்கள். நெடுந்தூர பிரவே சவாரியில் 200 கி.மீ.க்கு 13½ மணி நேரம் கெடு. பாதை மேடா பள்ளமா என்று அந்தக் கெடு கேட்பதில்லை.

அலகு: சைக்கிளோடு 80 கிலோ எடையுள்ளவர் 100 மீட்டர் உயர, சுமார் 19 கிலோ கலோரி அளவுக்கு வேலை செய்ய வேண்டும். உடம்போ தின்றதில் கால்பங்கைத்தான் மிதிக்குத் தரும். ஆகச் செலவு 75. ஓர் இட்லிக்கு 50 எனக் கொண்டால், 100 மீட்டர் = ஒன்றரை இட்லி. சட்னி கணக்கில் இல்லை.

அளவீடு: கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரம், ஓசூர் 900. வித்தியாசம் ஆறு இட்லி. சுமார் 50 கி.மீ.க்கு அதைப் பங்கிட்டால் ஏற்றம் ஒரு விழுக்காடுகூடத் தேறாது. ஆனால் மேலுமலையில் ஏறி இறங்கி, சூளகிரி தாண்டியும் ஏறுகிற தொடைக்குச் சராசரி புரியாது. இறக்கத்தில் பிரேக் கட்டை தின்ற இட்லியும் திரும்பி வராது. ஒகேனக்கலிலிருந்து அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியாக வந்தால் 600 மீட்டருக்கு மேல்: குறைந்தது ஒன்பது இட்லி. அது காட்டுப் பாதை. யானை குறுக்கிட்டால் சூத்திரம் செல்லாது.

கண்டுபிடிப்பு: இட்லிக் கணக்கில் கொல்லிமலையே வெல்லும். ஆனால் அங்கே போகிறவர் காலைத் தெம்பில் ஏறி, மாலையில் உருண்டு வீடு சேர்கிறார். பீடபூமி விளிம்பில் குடியிருக்கும் ஓசூர்க்காரர் காலையில் உருண்டு இறங்கி, உச்சி வெயிலில், வெறும் வயிற்றோடு வீட்டை நோக்கி ஏறுகிறார். தவணையில் வண்டி வாங்கியவர் கதைதான்: சுகம் முன்னால், வட்டி பின்னால். ஏற்றம் பயணத்தின் எந்த முனையில் நிற்கிறதோ, அதுவே கடினத்தின் அளவு.

பரிந்துரை: ஓசூர்க்காரர் காலை டிபனைப் புறப்படும் வீட்டில் முடிக்காமல் திரும்பி ஏறத் தொடங்கும் ஊரில் முடிக்க வேண்டும். வடைக்கு இச்சூத்திரம் பொருந்துமா என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கிடைத்தால் உடனே தொடங்கலாம்.